பத்தொன்பது நாள் ஊமைப்படம்

பத்து வருஷமாக நான் பார்த்த கல்யாணங்கள் எல்லாமே சத்தமில்லாத கல்யாணங்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை. கேமராவில் பதிவாகிற சத்தத்தை எங்கள் தொழிலில் யாரும் சீண்டுவதில்லை. சீண்டும்படி அதில் என்ன இருக்கிறது? "சார் இந்தப் பக்கம் பாருங்க, மேடம் கொஞ்சம் சிரிங்க" என்று எங்கள் ஆட்களே கத்துவதும், பந்தியில் யாரோ யாரையோ விரட்டுவதும்தான். அதனால் கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே சத்தத்தை உதறிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடமும் மிச்சம். மேலே பாட்டைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. தாலி கட்டும் இடத்துக்கு மட்டும் கெட்டிமேளம் வேண்டும். அதற்கு ஒரே ஒரு கெட்டிமேளம் கடையில் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை எத்தனையோ ஜோடிகளுக்கு அதே மேளத்தைத்தான் கொட்டியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை.

இந்தப் பழக்கம்தான் பிறகு என் கழுத்தை அறுத்தது. அதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். தெருமுனையில் ஒரு மீன்கார அக்கா உட்காருவார். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, எட்டு மணிக்குக் கடை விரிப்பார். அவர் வாய்க்காகவே மீன் வாங்க வருகிறவர்கள் உண்டு. குறைத்துக் கேட்பவர்களை அவர் திட்டமாட்டார், விசாரிப்பார். "இன்னா நைனா, கடலாண்ட நீயே போயி புட்ச்சாந்து குட்த்த மாதிரி கேக்குற?" கேட்டவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். நானும் அப்படி வாங்கிப் போகிறவள்தான். அவருடைய பேச்சைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

அந்தப் பேச்சை யாரோ ஒருவன் போனில் எடுத்து, சிரித்துச் சிரித்து அழுகிற பொம்மைகளையும் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான். ஊரெல்லாம் சுற்றியது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே மகள், காலேஜில் முதல் வருஷம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மகளின் வகுப்பில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்து, அதே மாதிரி கையை ஆட்டிப் பேசிக் காட்டினார்களாம். அது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. இவளும் வெளியே காட்டிக்கொள்ளாமல் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். அழுது முடித்ததும் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாளாம். காலேஜ் பக்கம் வர வேண்டாம். வெளியே எங்கேயாவது சேர்ந்து போக நேர்ந்தால், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

இதை அக்கா என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் முடிந்து பலகையைக் கழுவிக்கொண்டே. நான் வீடியோ வேலை செய்கிறவள் என்பதால் அந்த வீடியோவை என்னால் அழித்துவிட முடியும் என்று நம்பியிருந்தார். ஒருவர் போட்டது ஆயிரம் பேர் கைக்குப் போய்விட்டது, அதை இனி யாராலும் அழிக்க முடியாது என்று நான் ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அத்த அயிக்க முடியாதுன்னா, வேற ஒண்ணு எடு" என்றார். "நான் பேசறேன். இப்டியே தான் பேசுவேன், ஒண்ணும் மாத்தக் கூடாது. எம்பொண்ணு குந்தி முயுசா கேக்கணும்."

என் படத்தின் கதைச்சுருக்கம், நோக்கம் எல்லாம் இவ்வளவுதான். பின்னாளில் விண்ணப்பப் படிவங்களில் இதையே இரண்டு பக்கத்துக்கு நீட்டி எழுதச் சொல்லி என் உயிரை வாங்கினார்கள்.

ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. ஆனால் நான் கேமராவைப் பிடித்தவள் இல்லை. பிடித்தவர்கள் சொதப்பியதை ஒட்டுப்போட்டவள். எங்கள் கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தயங்கித் தயங்கிப் போய் அவரிடம் பழைய கேமரா ஒன்றைக் கேட்டேன். ஆடி மாதம். கடையில் ஒன்றிரண்டு நிக்காஹ் தவிர வேலை கிடையாது. பாய் கேமராவை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பத்து மணிக்குக் கேமரா கடைக்கு வந்துவிட வேண்டும், கார்டு காலியாக இருக்க வேண்டும்.

பத்தொன்பது நாள் எடுத்தேன். விடியற்காலை காசிமேட்டில் படகு வந்து அணைகிற இடத்தில் அக்காவின் புடவைத் தலைப்பில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டு, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரரின் குரல், நாலு பக்கமும் வண்டி ஹாரன். இவ்வளவுக்கும் மேலே அக்காவின் குரல் எழும்பும். முதல் இரண்டு நாள் என்னை எல்லோரும் விரட்டினார்கள். மூன்றாவது நாள் ஒரு பெரியம்மா என் செருப்பைப் பார்த்துவிட்டு, வழுக்கி விழுந்து சாகப் போகிறாய், ரப்பர் செருப்பு வாங்கு என்று திட்டினார். அதோடு நான் அங்கே ஒருத்தியாகிவிட்டேன்.

ஒரு நாள் மட்டும் எண்ணூருக்குப் போனோம். அக்கா பிறந்த இடம். கடலரிப்புக்குக் கொட்டிய கல்லின் மேல் உட்கார்ந்து, நான் எதுவும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்குப் படகில் முதுகு அடிபட்டுப் படுத்த பிறகு, முதல் தடவை தனியாக ஏலத்தில் போய் நின்ற கதை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றதையும், கெட்டுப்போன மீன் கூடையைத் தன் தலையில் கட்டி எல்லோரும் சிரித்ததையும், மறுநாளும் போய் நின்றதையும் சொல்லி அழுதார். கேமராவுக்குப் பின்னால் நானும் அழுதேன். மகளுக்குக்கூட இதைச் சொன்னதில்லை என்றார்.

தினமும் பத்து மணிக்குக் கடைக்கு ஓடுவேன். கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன், காலி செய்வேன், டிராயரில் வைப்பேன். படம் மட்டும் சரியாக வந்திருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பேன், காதில் வழக்கம்போல என் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வாய் அசைவதை மட்டும் பார்த்தே பழகிய கண். அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. மார்கழி வரைக்கும் தலைநிமிர நேரமில்லை. மார்கழி பிறந்து கடை ஓய்ந்ததும், ஆசை ஆசையாக உட்கார்ந்து முதல் நாள் காட்சியைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஒயர் லூஸ் என்று நினைத்து ஆட்டினேன். ஹெட்போனை மாற்றினேன். அடுத்த நாளைத் திறந்தேன், அதற்கடுத்த நாளைத் திறந்தேன். எண்ணூரைத் திறந்தேன். அக்கா அழுதுகொண்டே பேசுகிறார், ஒரு சொல் இல்லை. அப்போதுதான் புரிந்தது. கார்டை ஏற்றும்போது, சத்தம் வேண்டாம் என்கிற அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போடுவது என் விரலுக்குப் பழக்கம். பத்தொன்பது நாளும் போட்டிருக்கிறேன். கார்டுகள் அத்தனையும் காலி. அக்காவின் பேச்சிருந்த இடத்தில் ஆவணி மாதத்து மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் இல்லை. அதற்குப் பதிலாக அடையாறு பக்கம் சின்னப் படங்களைத் திரையிடுகிற ஒரு குழுவில், இதுபற்றியெல்லாம் தெரிந்த ஒருவரிடம் காட்சிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரமாதம் என்றார். சத்தம் போனதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நல்ல குரல் ஒன்றை வைத்து, நல்ல தமிழில் பின்னணி பேசவிட்டால் படவிழாக்களில் எடுபடும், பார்க்கிறவர்களுக்கும் புரியும் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நானே ஓர் உரை எழுதி, டப்பிங் பேசுகிற ஒரு பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நிமிஷத்துக்குப் பேச வைத்தேன். கடையில் அதைப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டேன். "அலைகளின் ஓசையில் விடிகிறது என் ஒவ்வொரு நாளும்" என்று அக்கா முகத்துக்கு மேல் ஒரு குரல் மணிமணியாகப் பேசியது.

பின்னால் டீ கிளாஸோடு நின்றிருந்த பாய், யாரம்மா இது பேசுவது, நியூஸ் வாசிக்கிற பொண்ணா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அந்த மீன்கார அம்மாதான் என்று நான் சொன்னதும் திரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "அந்தம்மா வாய நீயும் மூடிட்டியா?" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே அந்தக் குரலைத் தலைமுழுகினேன். மறுநாள் காலை தெருமுனைக்குப் போனேன்.

அக்கா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த பேமானி போன்ல எடுத்தானே, அதுல சவுண்டு நல்லா தானே கீது" என்றார்.

அவ்வளவுதான். பிறகு போணி ஆகிற நேரத்தில் வந்து நிற்காதே என்றார். ஒரு வாரம் நான் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. வீட்டில் முட்டைதான். பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றுவழியில் போனேன். படத்தை விட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன், ஆனால் அந்த ஃபோல்டரை அழிக்கப் போனால் கை வரவில்லை.

எட்டாவது நாள் மத்தியானம், காலிக் கூடையோடு அக்கா கடைக்கே வந்து நின்றார். திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து, வண்ணாரப்பேட்டையில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். பாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொன்னார். அக்கா கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, இருக்கிறதைக் காட்டு என்றார்.

முதல் நாள் காட்சியை ஓடவிட்டேன். தன்னைத் தானே அப்படி முழுசாகப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தே முணுமுணுக்க ஆரம்பித்தார். "இவ இன்னாத்துக்கு அங்க போய் நிக்கிறா? அவன்கிட்ட ஐஸ் மீன் தான் இருக்கும். தோ, இப்ப பாரு, திரும்புறா. ஆங். இவளுக்கு புத்தி கீது." இரண்டாவது காட்சியில் குரல் ஏறியது. ஏலக்காரரோடு திரையில் அக்கா சண்டை போட, நாற்காலியிலிருந்து இந்த அக்கா அந்த அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தார், திட்டினார், சபாஷ் போட்டார், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார்.

மைக்கைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தேன். பாய் புரிந்துகொண்டார். ஃபேனை நிறுத்தினார், ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்துப் பாத்திரக் கடையில் சொம்பு குடத்தில் பெயர் வெட்டுகிற மெஷின் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். அவரே போய், ஒரு மணி நேரம் யார் பெயரையும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுவிட்டு வந்தார். வியர்வை ஊற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை நான் காதில் ஹெட்போனை மாட்டி, சத்த அளவைக் காட்டுகிற மீட்டர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தை பிறக்கும் வரை பல மத்தியானங்கள் அப்படி நடந்தன. எண்ணூர்க் காட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கல்லின்மேல் உட்கார்ந்து அழுகிற தன்னை அக்கா வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். அது அன்றைக்கு வந்தது, போய்விட்டது என்றார். பிறகு நான் கேட்காமலே, திரையை விட்டுவிட்டு மைக்கைப் பார்த்துப் பேசினார். என்னிடம் பேசவில்லை, மகளிடம் பேசினார்.

"உன் ஃப்ரெண்ட்ஸுங்க முன்னாடி நான் வாயத் தொறக்கக் கூடாதுன்ன. செரி. ஆனா இந்த வாயத் தொறந்து கூவுனதுல தான்மா நம்ம வூட்ல அடுப்பு எரிஞ்சிது. அந்த ஏலத்துல அத்தினி ஆம்பள நடுவுல நான் கம்முனு நின்னிருந்தா நீ காலேஜ் போயிருக்க மாட்ட. எனக்கு வேற பேச்சு தெரியாது. தெரிஞ்சாலும் இத்த உட மாட்டேன்."

நாலு நிமிஷம் பேசினார். ஒரு வார்த்தையைக்கூட வெட்டாமல், எண்ணூர்க் காட்சியின் மேல் படத்தின் முடிவில் வைத்தேன்.

படம் முடிந்ததும் மூன்று விழாக்களுக்கு அனுப்பினேன். இரண்டில் பதிலே இல்லை. மூன்றாவதில் எடுத்துக்கொண்டார்கள், மரியாதையாகப் பார்த்தார்கள், மரியாதையாகக் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, ஒரு பெண் தன்னையே பார்த்துப் பேசுகிற இந்த உத்தியை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நிஜத்தைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அக்கா அதற்கு வரவில்லை. அன்றைக்கு நல்ல மீன் வரத்து. அதுவும் இல்லாமல், மகள் பார்க்காமல் தானும் பார்ப்பதில்லை, அவளும் நாலு பேர் நடுவில் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மகளோ பரீட்சை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஆடியில் வெளியிட்டோம். ஆடியில் கல்யாண மண்டபங்கள் சும்மாதானே கிடக்கும், ராயபுரத்தில் ஒரு மண்டபத்துக்காரரிடம் பாய் பேசி ஒரு மத்தியானத்துக்கு வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் திரையைக் கட்டினோம். வாசலில் கல்யாண பேனர் மாதிரியே ஒரு பேனர், அக்கா படத்தோடு. அன்றைக்குச் சாயங்காலமே இணையத்திலும் விடுவதாக இருந்தேன். சந்தை முடிந்த கையோடு காசிமேட்டுப் பெண்கள் கூடையும் அலுமினிய பேசினுமாக வந்து இறங்கினார்கள். வாசலில் பாய் எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார். முந்நூறு நாற்காலியும் நிறைந்து, ஓரத்தில் நின்றார்கள். படம் ஆரம்பிக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி, காலேஜ் பையோடு மூன்று பெண்கள் வந்து நின்றதைப் பார்த்தேன். நடுவில் நின்றவள் அக்கா மகள். முன்வரிசையில் இருந்த அக்காவிடம் நான் சொல்லவில்லை.

நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒருவர் வாயை மூடவில்லை. திரையில் யார் வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது நம்ம ஐஸ் வண்டி என்றார்கள், ஏலக்காரர் முகத்தைப் பார் என்றார்கள், அக்கா அன்றைக்கு எடுத்த வஞ்சிரத்தைப் பற்றித் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். ஒரு வருஷம் தொலைத்து, தேடி, வியர்வையில் குளித்துச் சேர்த்த அந்தக் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டேன். பயனில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எண்ணூர்க் கல் திரையில் வந்தது. அந்த நாலு நிமிஷம். அப்போதும் சளசளப்பு ஓயவில்லை. இனி பொறுக்க முடியாது, படத்தை நிறுத்திவிட்டுக் கத்திவிடலாம் என்று எழுந்துவிட்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல். ஏலத்தில் எடுபடுகிற குரல்.

"யக்கா, அல்லாரும் கொஞ்சம் கம்முனு கீறீங்களா? எங்கம்மா பேசிகினு கீது."

மண்டபம் அடங்கிவிட்டது. கதவோரம் அந்த இரண்டு தோழிகளும் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களைக் கவனிக்கவில்லை. திரையில் அவள் அம்மா அவளிடம் பேசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லும் சுவர்வரை போய்க் கேட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். முன்வரிசையில் அக்கா படத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் முழுசாகத் திரும்பி, படம் முடிகிறவரை கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.